அச்சான புத்தகத்தையே திருத்தியவர்

கதையோ கவிதையோ எழுதி நண்பர்களிடம் காட்டினால், "நல்லா இருக்கு, ஆனா இன்னொரு தடவை திருத்தி எழுதேன்" என்று ஒருவராவது சொல்லிவிடுவார். எழுதியவருக்கு அங்கேதான் சிக்கல் ஆரம்பம். எழுத்துப்பிழை பார்த்தாயிற்று, ஒற்று மிகும் இடமெல்லாம் பார்த்தாயிற்று, பத்தி பிரித்தாயிற்று. அதற்கு மேல் என்னதான் திருத்துவது? அடுத்தவர் எழுத்தில் ஆயிரம் குறை கண்ணில் படும். சொந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது.

இந்தக் கேள்விக்குப் பாதி விடை, காட்டாங்குளத்தூருக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் பொத்தேரி வந்ததும் கல்லூரிக் கூட்டம் மொத்தமும் இறங்கிவிடும். அடுத்தது காட்டாங்குளத்தூர். அதற்கடுத்தது மறைமலை நகர். ஃபோர்டு கார் தொழிற்சாலை இருந்த ஊர் என்றுதான் பலருக்கு அந்தப் பெயர் பழக்கம். சென்னைக்குத் துணை நகரமாக உருவாக்கப்பட்டபோது மறைமலை அடிகள் பெயரை அதற்கு வைத்தார்கள். அவர் வாழ்ந்த ஊர் அது அல்ல. தாம்பரத்துக்கு வடக்கே, இதே ரயில் பாதையில் உள்ள பல்லாவரத்தில்தான் அவர் வாழ்ந்தார்.

பள்ளிப் பாடத்தில் அவர் இரண்டு மதிப்பெண் வினாவாக வருவார். 'தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை யார்?' விடை எழுதி மதிப்பெண் வாங்கியதோடு அவரை மறந்துவிடுவோம். அந்த இயக்கத்தை அரசியலாகவும் மொழி வரலாறாகவும் நிறையப் பேர் எழுதியாயிற்று. ஆனால் அதற்குள் ஓர் எழுத்தாளனின் கதை ஒளிந்திருக்கிறது. நாற்பது வயதில், ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்ட ஒருவர், தான் எழுதி அச்சிட்டு விற்றும்விட்ட புத்தகங்களைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகத் திருத்த உட்கார்ந்த கதை அது.

1876 ஜூலை 15 அன்று பிறந்தவர். அப்போதைய பெயர் வேதாசலம். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். (கிறித்தவக் கல்லூரி என்றதும் தாம்பரத்து மரங்களை நினைக்க வேண்டாம். அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937இல்தான்.) அங்கே அவருடன் பணியாற்றிய சூரியநாராயண சாஸ்திரியார் தன் பெயரைப் 'பரிதிமாற் கலைஞர்' என்று தமிழாக்கி நூல் வெளியிட்டவர். 1903இல், முப்பத்து மூன்று வயதில் அவர் காலமாகிவிட்டார். ஆக, பெயர் மாற்றும் எண்ணம் அந்தக் கல்லூரிச் சூழலில் ஏற்கெனவே இருந்தது.

1902இல் வேதாசலம் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'ஞானசாகரம்'. பிறகு வரிசையாக நூல்கள் வந்தன. 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை, 1906இல் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை, 1907இல் காளிதாசனின் சாகுந்தலத்தின் தமிழாக்கம், 1908இல் ஆங்கிலக் கட்டுரையாளர் அடிசனைப் பின்பற்றிய 'சிந்தனைக் கட்டுரைகள்', 1911இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்ற நாவல். இந்த நாவல் சொந்தக் கற்பனை அல்ல. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் 'லைலா' கதையைத் தமிழ் மண்ணுக்கு மாற்றி எழுதியது. அதே 1911இல் கல்லூரி வேலையை விட்டுப் பல்லாவரம் வந்து, துறவுக் கோலம் பூண்டு, 'சமரச சன்மார்க்க நிலையம்' தொடங்கினார்.

அந்தக் கால உரைநடை எப்படி இருந்தது என்று இன்றைக்கு ஊகிப்பது கொஞ்சம் கஷ்டம். மாதிரிக்கு ஒரு வாக்கியம் (எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை, இந்தக் கட்டுரைக்காகச் செய்தது):

'அந்த ஸ்திரீ அத்யந்த துக்கத்துடன் கிருஹத்தில் பிரவேசித்தாள்.'

படித்தவர்கள் இப்படியும் எழுதினார்கள். மேடையில் இருந்தவர் அக்கிராசனர், தேர்தலில் நின்றவர் அபேட்சகர், கல்யாணப் பத்திரிகை முழுக்க விவாஹமும் முகூர்த்தமும். வேதாசலத்தின் எழுத்து இவ்வளவு மோசமில்லை, அவர் சங்கப் பாட்டில் ஊறியவர். ஆனாலும் அவர் எழுத்திலும் வடசொற்கள் தாராளமாகவே இருந்தன. பத்திரிகையின் பெயரைப் பார்த்தாலே தெரிகிறதே.

இனி 1916. பல்லாவரத்து வீட்டுத் தோட்டத்தில் அவரும் மகள் நீலாம்பிகையும் உலாவிக்கொண்டிருந்தார்கள். நீலாம்பிகைக்கு வயது பதின்மூன்று. அப்பா வள்ளலாரின் திருவருட்பாப் பாட்டு ஒன்றைப் பாடினார். பாடிக்கொண்டு வந்தவர் 'தேகம்' என்ற சொல்லில் நின்றுவிட்டார். அந்த இடத்தில் 'யாக்கை' என்று இருந்திருந்தால் ஓசை இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்று மகளிடம் சொன்னார். வடசொல் கலப்பதால் தமிழுக்கு என்ன கேடு என்று பேச்சு நீண்டது. இனித் தனித்தமிழிலேயே பேசுவது, எழுதுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். நீலாம்பிகையே பின்னாளில் எழுதி வைத்த நிகழ்ச்சி இது.

இதை இயக்கத்தின் பிறப்பு என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். கதை எழுதுகிறவர் இதில் கவனிக்க வேண்டியது, அங்கே நடந்த செயல் என்ன என்பதை. வரியை வாய்விட்டுச் சொன்னார். ஒரு சொல்லில் காது இடறியது. வாக்கியத்தின் மற்ற எதையும் தொடாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். மறுபடி காதில் கேட்டார். பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருந்தது.

மாற்றுச்சொல்லையும் ஆராய்ந்து பாருங்கள். 'தேகத்தை' என்பதை அசை பிரித்தால் தே-கத்-தை. 'யாக்கையை' என்பது யாக்-கை-யை. இரண்டுமே மூன்று நேரசை, ஆகவே யாப்பு உடையாது. பொருளிலும் ஒரு லாபம் இருக்கிறது. 'யா' என்றால் கட்டுதல். எலும்பும் தோலும் நரம்பும் சேர்த்துக் கட்டப்பட்டதனால் உடம்புக்கு யாக்கை என்று பெயர். 'தேகம்' அந்தக் கட்டைச் சொல்லவில்லை. அளவு மாறாமல், பொருள் கூடி, ஓசையும் இணைந்து வருகிற மாற்றம் எப்போதோ ஒருமுறைதான் கைகூடும். அவருக்கு முதல் சொல்லிலேயே கிடைத்துவிட்டது. அதனால்தான் எல்லாச் சொல்லுக்கும் அப்படிக் கிடைக்கும் என்று நம்பினாரோ என்னவோ!

அடுத்து அவர் திருத்தத் தொடங்கியது சொந்தப் பெயரை. சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். வேதம் மறை, அசலம் மலை, சுவாமி அடிகள். 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆயிற்று. 'சமரச சன்மார்க்க நிலையம்' 'பொதுநிலைக் கழகம்' ஆயிற்று. பிள்ளைகள் பெயரையும் விடவில்லை. மாணிக்கவாசகம் மணிமொழி, சுந்தரமூர்த்தி அழகுரு, திரிபுரசுந்தரி முந்நகரழகி. (திருநாவுக்கரசு தப்பித்தார். அவர் பெயரில் திருத்த ஒன்றும் இல்லை.)

இந்தச் சிறு பட்டியலிலேயே திருத்துதலின் மூன்று விளைவுகளும் அகப்படுகின்றன. 'அறிவுக்கடல்' சொல்லுக்குச் சொல் சரியாக அமைந்து, முதல் பெயரைவிடத் தெளிவாகவும் இருக்கிறது. 'பொதுநிலைக் கழகம்' சொல்ல எளிது, ஆனால் வழியில் 'சன்மார்க்கம்' தொலைந்துவிட்டது. அது சாதாரணச் சொல் அல்ல, வள்ளலாரை உடனே நினைவுக்குக் கொண்டுவரும் சொல். அந்த நினைவு புதிய பெயரில் இல்லை. 'முந்நகரழகி' மூன்றாவது வகை. இலக்கணப்படி குற்றமே இல்லை. திரி என்றால் மூன்று, புரம் நகர், சுந்தரி அழகி. ஆனால் திரிபுரசுந்தரி என்றால் கோயிலில் நிற்கும் அம்மன். முந்நகரழகி என்றால் அகராதி பார்த்துச் செய்த பெயர். ஒவ்வொரு பகுதியும் சரி, மொத்தத்தில் உயிர் போய்விட்டது. வாக்கியம் வாக்கியமாகத் திருத்துகிறபோது எல்லாருக்கும் இந்த விபத்து நேரும். ஒவ்வொரு வரியும் முன்னைவிட மேல், கதை மட்டும் முன்னைவிடச் செத்துக் கிடக்கும்.

பிறகு நூல்கள். முந்தைய நூல்கள் மறுபதிப்புக்கு வந்தபோது வடசொற்களை நீக்கித் தமிழ்ச்சொல் பெய்து அச்சிட்டார். அப்படித் திருத்தியதை முன்னுரைகளில் சொல்லியும் இருக்கிறார். பல்லாவரத்திலேயே அச்சுக்கூடம் வைத்திருந்தது இதற்கு உதவியது. பதிப்பாளரிடம் கெஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.

அவர் செய்தது வெறும் உணர்ச்சி வேகமும் அல்ல. முல்லைப்பாட்டு 103 அடி கொண்ட பாட்டு. அதில் பிறமொழிச் சொல் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர் அவர். எண்ணுவது கேட்க அற்பமான வேலை போல இருக்கும். ஆனால் சொந்த எழுத்தைத் திருத்துவதற்கு இதைவிட நேர்மையான கருவி இல்லை. 'நான் அவ்வளவாக உவமை போட மாட்டேன்' என்று ஒருவர் நினைத்துக்கொண்டிருப்பார். எண்ணினால் ஒரு பக்கத்தில் பதினொரு 'போல' இருக்கும். 'திடீரென்று', 'மெல்ல', 'ஏதோ ஒரு', 'கண்கள் கலங்கின'... ஒவ்வொருவருக்கும் இப்படிக் கைப்பழக்கச் சொற்கள் நாலைந்து உண்டு. கணினியில் தேடச் சொன்னால் ஒரு நொடியில் எண்ணிக்கை வந்துவிடும். அடிகளுக்கு அந்த வசதி இல்லை, விரல்தான்.

காலம் ஒரு விஷயத்தில் அவருக்கு உதவி செய்தது. 1903இல் எழுதியதை 1916க்குப் பிறகு படிக்கிறபோது அது கிட்டத்தட்ட வேறொருவர் எழுதியது மாதிரி. சொந்த எழுத்தின் குறை தெரியாததற்குக் காரணம், எழுத நினைத்தது இன்னும் மனதில் ஈரமாக இருப்பதுதான். கண் தாளைப் பார்க்கும், மனம் நினைத்ததைப் படித்துக்கொள்ளும். பதின்மூன்று வருஷம் காத்திருக்க யாராலும் முடியாது. பதினைந்து நாள் பெட்டியில் போட்டு வைத்தாலே போதும், பாதி வாக்கியங்கள் அந்நியமாகிவிடும்.

சரி, இவ்வளவும் செய்து அவருடைய எழுத்து மேம்பட்டதா? இங்கேதான் சண்டை. அவருடைய அன்பர்களுக்கு அந்த நடை ஆற்றொழுக்கு. மற்றவர்களுக்கு முறுக்கு. பட்சபாதம் இல்லாமல் பார்த்தால் இரண்டும் உண்மை. சொற்கள் தூய்மையாயின, ஓசை கூடியது. வாக்கியத்தின் நீளமோ, ஒரு பொருளை அடுக்கி அடுக்கிச் சொல்லும் வழக்கமோ மாறவில்லை. ஏனென்றால் அவர் அதைத் தேடவில்லை. எதைத் தேடித் திருத்துகிறோமோ அதுதான் திருந்தும்.

மேலே செய்து பார்த்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அடிகள் வழியில் திருத்தினால் ஏறக்குறைய இப்படி ஆகும்:

'அந்தப் பெண் மிகுந்த துயரத்துடன் வீட்டிற்குள் நுழைந்தாள்.'

எவ்வளவோ நன்று. புரிகிறது, நாக்கில் இடறவில்லை. ஆனால் இன்னும் அவள் துயரம் தெரியவில்லை, துயரம் என்று எழுதியிருப்பதுதான் தெரிகிறது. கதை எழுதுகிறவர் இன்னொரு சுற்று போக வேண்டும்:

'செருப்பைக் கழற்ற மறந்து, நேரே சமையலறைக்குப் போய் நின்றாள்.'

முதல் திருத்தம் சொல்லுக்கு, இரண்டாவது பார்வைக்கு. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவது வராது என்பதும் கவனிக்க வேண்டியது. 'அத்யந்த துக்கத்துடன்' என்ற பளபளப்பு இருக்கும்வரை அடியில் ஒன்றுமில்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. எளிய சொல்லாக மாற்றிய பிறகுதான் வாக்கியம் காலி என்று பல்லிளிக்கும்.

1921இல் வந்த 'கோகிலாம்பாள் கடிதங்கள்' இந்த இடத்தில் நல்ல உதாரணம். கதை முழுவதும் கடிதங்களாகவே நடக்கிறது. கடிதம் எழுத்து வடிவம் என்பதால் அவருடைய நடை அங்கே ஓரளவு பொருந்திப் போகிறது. நேர்ப்பேச்சாக இருந்திருந்தால் தாங்கியிருக்காது. இன்றைக்குக் காட்டாங்குளத்தூரில் நடக்கிற கதையில் ஒரு பையன் "மச்சான், விடுதிக்குச் செல்லலாமா?" என்று கேட்டால் என்ன ஆகும்? ஹாஸ்டல் ஹாஸ்டல்தான் :) பாத்திரத்தின் வாயில் இருக்கும் சொல்லை ஆசிரியரின் கொள்கைக்காக மாற்றினால் பாத்திரம் செத்துவிடும். இன்னொரு வேடிக்கை, கோகிலாம்பாள் என்ற பெயரே வடமொழிக் குயில். 1916க்குப் பிறகு வந்த நூல்தான், ஆனாலும் அவர் அவளைக் குயிலம்மை ஆக்கவில்லை. பிள்ளைகளின் பெயரை மாற்றியவர் கதாநாயகியின் பெயரில் கை வைக்கவில்லை!

தன் நூலைத் தானே மொழி மாற்றியவர் உலகத்தில் இவர் மட்டும் இல்லை. துருக்கியில் 1928இல் எழுத்துமுறை மாறி, 1932 முதல் அரபு, பாரசீகச் சொற்களைக் களையும் வேலை அரசு ஆதரவோடு நடந்தது. ஹாலித் ஸியா உஷாக்லிகில் என்ற நாவலாசிரியர் இளமையில் எழுதிப் புகழ்பெற்ற நாவல்களை, 1930களின் இறுதியில், முதுமையில், எளிய துருக்கியில் தாமே திருத்தி வெளியிட்டார். அவற்றில் ஒன்றான 'ஆஷ்க்-இ மெம்னூ' 2008இல் தொலைக்காட்சித் தொடராகி ஊரையே உட்கார வைத்தது. ஒரு வித்தியாசம், துருக்கி வாசகர்களில் இளையவர்களுக்குப் பழைய மொழி நிஜமாகவே புரியாமல் போயிருந்தது. அவர் வாசகனைத் துரத்திக்கொண்டு போய்த் திருத்தினார். அடிகள் வாசகனைத் தன் பின்னால் வரச் சொல்லித் திருத்தினார்.

தமிழிலேயே நேர்மாறான ஆள் புதுமைப்பித்தன் (1906–1948). பத்திரிகை அவசரத்தில் எழுதியவர். ஆனால் அவர் கதைகளும் பத்திரிகையில் வந்தபடியே புத்தகத்தில் இல்லை. ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வந்த தொகுப்பில் பாட வேறுபாடுகளைப் பார்க்கலாம். எழுதிப் பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. எந்தச் சொல் போயிற்று, எது வந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வகுப்பே வேண்டாம்.

அப்படியானால் எதையெல்லாம் தேடித் திருத்துவது? இதற்கு அடிகளே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கக்கூடிய பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து சொல்லப்படுகின்றன. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறுநாளே மறந்த பகுதி. அதைத் திருத்துகிறவனின் கைப்பட்டியலாக எடுத்துப் பார்த்தால் அசந்து போவீர்கள்.

'கூறியது கூறல்' தெரிந்ததுதான். முதல் பத்தியில் அவளுக்குக் கோபம் என்று சொல்லி, இரண்டாவதில் கதவைச் சாத்தவிட்டு, மூன்றாவதில் மறுபடி கோபம் என்பது. கதவு மட்டும் போதும். 'குன்றக் கூறல்' இதற்கு எதிர். எழுதியவருக்குத் தெரிந்த விஷயம் படிப்பவருக்கும் தெரியும் என்று நினைத்து விட்டுவிடுவது. இந்தக் குறையைத் தனியே உட்கார்ந்து கண்டுபிடிக்கவே முடியாது. அடுத்தவரைப் படிக்கவிட்டு, அவர் எந்த இடத்தில் முன்பக்கம் புரட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். 'மற்றொன்று விரித்தல்', எடுத்த பொருளை விட்டு வேறொன்றில் ஊர்வலம் போவது. கஷ்டப்பட்டுச் சேகரித்த தகவல் எல்லாம் கதையில் ஏறிவிடத் துடிக்கும். 'வெற்றெனத் தொடுத்தல்' என்பது மேலே பார்த்த துயர வாக்கியம்.

எல்லாவற்றிலும் கொடியது 'சென்று தேய்ந்து இறுதல்'. முதல் பக்கம் ஜோராகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, கடைசியில் எப்படியோ முடிந்து போவது. இதற்குக் காரணமே நாம் திருத்துகிற முறைதான். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறோம். முதல் பக்கம் இருபது தடவை திருந்துகிறது, கடைசிப் பக்கம் இரண்டே தடவை. மருந்து சுலபம், கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கித் திருத்திக்கொண்டு வர வேண்டும்.

பத்துக் குற்றத்தையும் ஒரே வாசிப்பில் தேடினால் ஒன்றும் சிக்காது. ஒரு சுற்றுக்கு ஒரு குற்றம் என்று வைத்துக்கொள்வதே முறை. அடிகள் ஒற்றைக் கேள்வியோடு தன் புத்தகங்களுக்குள் இறங்கினார், அதனால்தான் அவ்வளவு தூரம் போக முடிந்தது. இரண்டாவது கேள்வி ஒன்றோடு இன்னொரு முறை இறங்கியிருந்தால் அவருடைய உரைநடை எங்கே போயிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

1950 செப்டம்பர் 15 அன்று பல்லாவரத்தில் அடிகள் காலமானார். அவர் சேர்த்து வைத்த புத்தகங்களைக் கொண்டு 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலை அடிகள் நூலகம் திறக்கப்பட்டது. பெயர், பத்திரிகை, கழகம், நூல்கள் என்று எல்லாவற்றையும் தமிழாக்கிய அவர், 1898இலிருந்து நாட்குறிப்பும் எழுதி வந்தார். தோட்டத்தில் மகளோடு எடுத்த முடிவுக்குப் பிறகும் அது முன்போலவே தொடர்ந்தது, ஆங்கிலத்தில்.